ஜோடி அறை

என் மாமனாரும் மாமியாரும் விவாகரத்து வாங்கியதற்கு நான்தான் காரணம். நான் தப்பாக எதுவும் செய்யவில்லை. அவர்களுடைய ஒரே மகளைக் கல்யாணம் செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

அந்த வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. மாமா குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். பகலெல்லாம் மோட்டார் இரைச்சலுக்குள் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார், திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதைப்போல. குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. கையை ஓங்கியது கிடையாது. மனைவியோடு பேச மாட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால் மகளைக் கூப்பிடுவார். "உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்டு." அம்மா வேறு அறையில்கூட இருக்க மாட்டார். அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், துணி மடித்துக்கொண்டிருப்பார். மகள் இந்தப் பக்கம் திரும்பி அம்மாவிடம் சொல்வாள். அம்மாவின் பதிலை வாங்கி அந்தப் பக்கம் திரும்பி அப்பாவிடம் சொல்வாள். பள்ளிக்கூடம் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவளுக்கு இதுதான் வேலை.

சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோனால் வீடு தாங்காது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. அப்பா "வாயில வைக்க முடியல" என்றால், "நல்லா இருக்காம், உப்பு மட்டும் கொஞ்சம் குறைக்கணுமாம்" என்று அம்மாவிடம் போய்ச் சேரும். அம்மா "கண்ணு இருந்தா தேடி எடுத்துக்கச் சொல்லு" என்றால், "அம்மா எடுத்து வச்சிருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டு இவளே ஓடிப் போய் அந்தச் சட்டையைத் தேடி எடுத்து வைப்பாள். கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது என்பார்களே, அது அவளுக்குக் கை வந்த கலை. இப்போது ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்கிறாள். டாக்டர் இன்னும் கிளம்பவே இல்லை என்பதைக்கூடக் காத்திருப்பவர்கள் நன்றி சொல்லும்படி சொல்லிவிடுவாள்.

அவளை நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. அத்தை சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அடிக்கிறாரா, குடிக்கிறாரா, வேறு தொடர்பு உண்டா என்று நீதிபதி வரிசையாகக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். அப்படியானால் என்னதான் குறை என்றதற்கு, "பேச மாட்டேங்கறாருங்க" என்று அத்தை சொன்னதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்களாம். மாமா எதிர்த்து வாதாடவில்லை. வாதாட வேண்டும் என்றால் பேச வேண்டும். ஆகவே பிரிவு எளிதாகக் கிடைத்தது. ஜீவனாம்சமாக அவருடைய பென்ஷனில் சரிபாதி, அலுவலகத்திலேயே பிடித்து, மாதாமாதம் அத்தையின் கணக்குக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவானது.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அத்தை சின்னதாக ஒரு வீடு பிடித்துத் தனியாக இருந்தார். நன்றாகத்தான் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அது முடியாமல் போயிற்று. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். பாதிப் பென்ஷனோடு நாங்கள் கொஞ்சம் போட்டால் ஒற்றை அறைக்கு அது சரியாக இருந்தது. பணம் அத்தையின் கையில்தான் இருக்கும். மாதம் பிறந்ததும் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி, மேலாளர் அம்மாவின் மேஜைக்குப் போய், தன் கையாலேயே எண்ணிக் கொடுப்பார். கைச்செலவுக்கு என்று சிறிது நிறுத்திக்கொள்வார். தினசரிப் பத்திரிகை, தலைக்கு எண்ணெய், காது மெஷினுக்குப் பேட்டரி. காது கேட்பது அவருக்கு எப்போதோ குறைந்துவிட்டது. மெஷின் இல்லையென்றால் பக்கத்தில் போய்க் கரடியாகக் கத்த வேண்டும். பேட்டரி நான் வாங்கித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "என் காசு இருக்கு, மாப்பிள்ளை" என்றார். அந்த "என்"னை அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாமா இன்னொரு பாதியில் வாடகை அறை ஒன்றில் இருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்தது போன மழைக்காலத்தில். இடது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். எவ்வளவோ காலம் பேசாமல் சேர்த்து வைத்த வாய் கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டு மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்தார். ஹாலில் கட்டிலைப் போட்டால் கதவை முழுதாகத் திறக்க முடியாது. நான் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். கம்ப்ரஸரைத் தூக்கிப் பழகிய முதுகுதான் என்றாலும் ஒரு ஆளைத் தினமும் தூக்கி உட்கார வைக்க அதற்குத் தெம்பில்லை. இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டது. அவள் வேலை நடுவில் ஓடி வந்து ஓடிப் போனதில், மருத்துவமனையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஞாயிறுகளில் நான் அவருக்குச் சவரம் செய்துவிடுவேன். அந்தக் குழறல் எனக்குப் பிடிபட்டது அப்படித்தான். ஷேவிங் பிரஷ்ஷோடு முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தால் எந்தப் பேச்சும் புரிந்துவிடும்.

அவரையும் ஒரு இல்லத்தில் சேர்த்தாக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவருடைய பாதி எங்கும் போதவில்லை. அவளோடு போய் வக்கீலைப் பார்த்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பேரக்குழந்தைகளின் படங்களைச் செருகி வைத்திருந்த வயதான வக்கீல். உடல்நிலையைக் காட்டி ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லி மனு போடலாம், அநேகமாகக் கிடைக்கும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கிடைச்சா உங்க மாமாவுக்குக் கட்டில் கிடைக்கும். மாமியாருக்குக் கட்டில் போயிடும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். அவருக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். இருப்பதே ஒரே பென்ஷன். அதில் ஒருவரை எழுப்பிவிட்டுத்தான் இன்னொருவரைப் படுக்க வைக்க முடியும்.

வழி சொன்னது இல்லத்து மேலாளர் அம்மா. அவரிடம் ஜோடி அறைகள் இருந்தன. கணவன் மனைவிக்கு மட்டும். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரே உதவியாளர் என்பதால் கட்டணம் குறைவு. முழுப் பென்ஷனும் நாங்கள் போடுவதும் சேர்ந்தால் கட்டி வரும். இவர்கள் இப்போது கணவன் மனைவி இல்லையே என்று நான் இழுத்தேன். ஒரே பிள்ளைக்குத் தாய் தகப்பன், இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. பென்ஷன் இரண்டாகப் பிரியாமல் நேராக இல்லத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டு பேரும் இங்கே இருக்கிற வரைக்கும் தன் பாதியைக் கேட்பதில்லை என்று அத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவள் முதலில் அப்பாவிடம்தான் கேட்டாள். நான் அப்போது அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் முழுதும் சொல்லி முடித்தாள். அவர் பாதி முகத்தில் நுரையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவளுக்குச் சரின்னா சரி" என்றார். நான் கத்தியைக் கன்னத்தில் வைக்கப் போனேன். என் கையைத் தடுத்து இன்னும் ஒன்று சொன்னார்.

"ஜன்னல் பக்கம் எனக்கு வேணும்."

அவர் சொன்னது இவ்வளவுதான். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

மறுநாள் அத்தையிடம் போனோம். அவருடைய ஒற்றை அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். மடித்த பத்திரிகை, அதன் மேல் கண்ணாடி, சீப்பு, தண்ணீர்ச் செம்பு. அவள் சொல்லச் சொல்ல அத்தையின் முகம் இறுகிக்கொண்டே போனது. முடியாது என்றார். அது தன் பணம், அவர் போடும் பிச்சை இல்லை என்றார். ஒரு அறைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாதா என்று மகளைக் கேட்டார். அவளுக்குத் தெரியும். எங்கள் ஹாலையும் என் முதுகையும் சொல்லி அவள் அழுதாள். அத்தை வெகுநேரம் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவர் என்ன சொன்னார்?"

அவ்வளவுதான், என் மனைவிக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னாரும்மா. அவகிட்ட நான் பேசியிருக்கணும்னாரு. மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுன்னாரு. ஜன்னல் பக்கத்தைக்கூட உனக்கே குடுக்கச் சொல்லிட்டாரு."

நான் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஸ்க்ரூ இல்லை. அத்தை காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். இந்தத் தடவை இன்னும் நன்றாக வந்தது. அத்தை கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவிடம், அம்மா சரி என்றுவிட்டார்கள், ஜன்னல் பக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றாள். அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், அந்த அறையில் எத்தனை ஜன்னல் என்று கேட்டேன். ஒன்றுதான் என்றாள். பிறகு என்னடி செய்யப் போகிறாய் என்றேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அன்றிரவு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தபோது, இன்னும் இரண்டு நாளில் ஹால் காலியாகிவிடும் என்பதைத்தான் நினைத்தேன். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மாமாவைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று அத்தை முன்னதாகவே ஜோடி அறைக்கு மாறியிருந்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில், தலை வாரி, நல்ல புடவை உடுத்தி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் விளிம்பில் பத்திரிகையும் கண்ணாடியும் சீப்பும் வரிசையாக இருந்தன. வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டிகள் நிற்கும் இடமும், அதற்கு அப்பால் ஒரு மதில் சுவரும், சுவருக்கு மேல் கொஞ்சம் வானமும்தான். மாமாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் அந்தக் கட்டிலைப் பார்த்தார். நல்ல கையைத் தூக்கிச் சுட்டிக் காட்டி, "அது எனக்குன்னு சொன்னாளே" என்றார்.

நர்ஸுக்குப் புரியவில்லை. அத்தைக்கும் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று மகளைக் கேட்டார்.

"உனக்குக் காத்து நல்லா வருதான்னு கேக்கறாரும்மா."

அத்தை மாமாவைப் பார்த்து, வருகிறது என்பதுபோல் தலையாட்டினார். முகம் சிவந்திருந்தது. மாமா குழம்பிப்போய் என்னை நிமிர்ந்து பார்த்தார். நடைவழியில் இருந்த தண்ணீர்க் கூலர் வேறு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கிறேன் என்று நான் வெளியே போய்விட்டேன். உள்ளே நிற்க என்னால் முடியவில்லை.

முதல் வாரம் நன்றாகப் போனது. அத்தை அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறார் என்று உதவியாளர் பெண் போனில் சொன்னாள். தாகம் என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து மணி அடிக்கிறாராம். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், பார்த்தீர்களா என்பது போல. நானும்கூடக் கொஞ்சம் நம்பினேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அத்தை கேட்டுவிட்டார். காது மந்தமானவர்கள் பேசுவதுபோல உரக்கக் கேட்டதால் நடைவழி முழுவதும் கேட்டதாம். உதவியாளர் பெண்தான் எங்களிடம் சொன்னாள். "மன்னிப்புக் கேட்டீங்கன்னு பொண்ணு சொன்னா. அதை என்கிட்டயே ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மாமா அதற்கு என்ன சொன்னார் என்பது அந்தப் பெண்ணுக்கே புரியும் அளவுக்குத் தெளிவாக இருந்திருக்கிறது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே."

அன்றிலிருந்து அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பத்திரிகையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மகள் போனபோது அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினேன். சின்ன வயதில் வீட்டைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட வேலை அது. அவளுக்கு வேறு வேலை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கீழே வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டுச் சவரச் சாமான்களோடு நான் மட்டும் மேலே போனேன். அத்தை என் பக்கம் திரும்பவில்லை என்றாலும், நான் வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை அசைத்துக் கூப்பிட்டார். ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன்.

"அன்னைக்கு அவர் சொன்னப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா மாப்பிள்ளை?"

இருந்தேன் என்றேன். என்னதான் சொன்னார் என்று கேட்டார். குனிந்து, காதருகே, உரக்கச் சொன்னேன். உங்களுக்குச் சரி என்றால் சரி என்றார், ஜன்னல் பக்கம் வேண்டும் என்றார் என்று. அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் அழுதிருக்கலாம் என்று இருந்தது.

"அப்ப ஜன்னலையும் நான் பிடுங்கிக்கிட்டேனா" என்றார். பிறகு மதில் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "மாசாமாசம் அந்தப் பணம் வரும்போது எனக்கு ஒண்ணு தோணும். கோர்ட்டு சொல்லியாவது இந்த மனுஷன் எனக்கு நேரா ஒரு பதில் அனுப்பறார்னு. நடுவுல யாரும் இல்லாம. அது ஒண்ணுதான் அவர்கிட்டேருந்து எனக்கு நேரா வந்தது. அதையும் நானே எழுதிக் குடுத்துட்டேன்."

மேலாளரிடம் பேசிப் பழைய அறையையே கேட்கிறேன் என்றேன். அது வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. அப்படியே கிடைத்தாலும் இவர் எங்கே போவார், உங்கள் ஹாலுக்கா, முதுகு தாங்குமா என்று திருப்பிக் கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அடுத்த கட்டிலைக் காட்டினார்.

மாமா விழித்துக்கொண்டுதான் இருந்தார். அத்தை பேசியது நிச்சயம் அவர் காதில் விழுந்திருக்கும். நான் ஒன்றும் தெரியாதவன்போல நுரை போட்டு ஒரு கன்னத்தை முடித்தேன். அடுத்ததை ஆரம்பிக்கும்போது நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தலையைச் சிரமப்பட்டு ஜன்னல் பக்கம் திருப்பினார். அத்தையின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"தப்புதான். பேசியிருக்கணும்."

குழறலோடு, மெதுவாக, ஆனால் முழுதாகச் சொன்னார். நான் கத்தியை எடுத்துவிட்டேன். அத்தை அசையவில்லை. மாமா காத்திருந்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அத்தையின் முதுகு அப்படியே இருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, போய்ச் சொல் என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்.

நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். குனிந்து காதில் சொன்னேன். "அத்தை, மாமா தப்புதாங்கறார். பேசியிருக்கணும்ங்கறார். இப்பதான் சொன்னார், உங்களைப் பார்த்துதான் சொன்னார்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார்.

"நீங்களுமா மாப்பிள்ளை?" என்றார். "நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கா."

நான் என் தொழில் மேல் சத்தியம் செய்தேன். மெஷினை மாட்டிக்கொள்ளுங்கள், அவரையே சொல்லச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். அத்தை பக்கத்து மேஜையின் இழுப்பறையைத் திறந்து காட்டினார். மெஷின் உள்ளே கைக்குட்டையில் சுற்றி இருந்தது.

"பேட்டரி தீர்ந்து ரெண்டு நாளாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட?" என்றார் அத்தை. "என் காசு இருந்தவரைக்கும் நான் யார்கிட்டயும் கேட்டதில்ல."

மாடிப்படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வரவேற்பறையில் இருந்து அவள் எழுந்து என்ன என்று கேட்டதற்கும் நிற்கவில்லை. ஞாயிறு என்பதால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. தெருக்கோடியில் ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது. பேட்டரி நகம் அளவுதான் இருக்கும். அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகு வலியை மறந்து, இந்த வயதில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். எப்படியாவது இது நடந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டதுபோல நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

நான் விட்டுப்போனபடியே இருவரும் இருந்தார்கள். மாமாவின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பேட்டரியைப் போட்டுக் கொடுத்தேன். அத்தை மாட்டிக்கொண்டார். மெஷின் கீச்சென்று கத்தி அடங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஜன்னலிலிருந்து திரும்பி மாமாவைப் பார்த்தார். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

"இப்ப சொல்லச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த ஒருமுறைக்கு அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொண்டார். அதை ஒரு முதுகிடம் சொன்னார், முதுகு திரும்பவில்லை. காது கேட்கவில்லை, பேட்டரி இல்லை என்றெல்லாம் நான் குனிந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டார். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை என்றேன். உதடு அசைந்தது.

"சொல்லியாச்சுன்னு சொல்லுங்க" என்றார் என்னிடம்.

அதை நான் எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை. புதுப் பேட்டரி, அறையில் வேறு சத்தம் இல்லை. குழறலிலும் அந்த வார்த்தைகள் அத்தைக்கு எட்டிவிட்டன என்று முகத்தில் தெரிந்தது. அத்தை மெஷினைக் கழற்றி, அதன் சின்னக் கதவைத் திறந்து, பேட்டரியை எடுத்துத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்தார்.

"மாட்டியே வச்சிருந்தா தீர்ந்துடும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமாவின் முகத்தைத் திரும்ப நனைத்து, மிச்சக் கன்னத்தை மழித்துவிட்டேன். துண்டால் துடைத்தேன். அவர் கண்ணைத் துடைத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. போய் வருகிறேன் என்று இரண்டு கட்டில்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கீழே அவள் நின்றபடியே காத்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிக் கயிறாக ஆக்கியிருந்தாள். அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். மேலே நடந்ததை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அடுத்த மாசமும் பேட்டரி வேணுமாம்" என்றேன். "உன்னையே வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"என்னையா? என் பேரைச் சொன்னாங்களா?"

"உன்னையேதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.